கூடும் கூண்டும்

தமிழிலே கூடு என்றொரு சொல் உண்டு; கூண்டு என்றொரு சொல்லும் உண்டு. ஒலியால் இவை நெருங்கிய உறவினர். பேச்சு வழக்கிலே கிளிக்கூண்டைக் கிளிக்கூடு என்று சொல்வோரும் பலர். ஆயினும் பொருளால் இவை இரண்டும் எதிரெதிர்த் திசையில் நிற்பன. கூடு என்பது பறவை தனக்காகத் தானே கட்டிக்கொள்வது. கூண்டு என்பது பறவைக்காக மனிதன் கட்டுவது. கூட்டின் அளவைப் பறவையின் உடல் தீர்மானிக்கிறது. கூண்டின் அளவைத் தீர்மானிப்பது எது? இந்தக் கேள்விக்கு வரலாறு தரும் விடையைத்தான் இன்று நாம் ஆராயப் புகுகின்றோம்.

வீட்டிலே ஒரு பறவையை வளர்க்க விரும்புவோர் கடைக்குச் சென்று கூண்டு வாங்குகின்றனர். அழகு, விலை, வீட்டு விறாந்தையில் அது தொங்கும் இடம் என்னும் மூன்றையுமே பெரும்பாலும் நோக்குகின்றனர். இம்மூன்றும் வாங்குவோரின் தேவைகள். உள்ளே வாழப்போகும் உயிரின் தேவை எது என்ற கேள்வி கடைசியாகவே எழுகிறது, சிலவேளை எழுவதேயில்லை. இது நம் காலத்துக்கு மட்டும் உரிய குறையன்று. பல நூற்றாண்டுகளாகத் தொடர்ந்து வருவது. இதனைத் தெளிவாகக் காட்டுவதற்கு ஒரே ஒரு பறவையின் கதை போதும். அதுவே கனேரிப் பறவை.

ஆபிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பால், அத்திலாந்திக் சமுத்திரத்திலே கனேரித் தீவுகள் என்னும் தீவுக்கூட்டம் இருக்கின்றது. அத்தீவுகளும், அவற்றுக்கு வடக்கே உள்ள மதீராவும் அசோர்சும் இப்பறவையின் தாயகம். தீவின் பெயரே பறவைக்கு ஆயிற்று. நாம் இன்று காணும் மஞ்சள் நிறக் கனேரியைப் பார்த்துவிட்டு, காட்டிலும் அது அவ்வாறே இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. காட்டுக் கனேரி பச்சையும் மஞ்சளும் கலந்து, முதுகிலே கபில நிறக் கோடுகள் ஓடிய எளிய தோற்றமுடையது. ஒளிரும் மஞ்சள் நிறம் மனிதன் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்ததனால் வந்தது. ஆனால் இனிய குரல் மட்டும் அதன் பிறப்புரிமை. அந்தக் குரலே அதற்குச் சிறையும் ஆயிற்று.

15ஆம் நூற்றாண்டிலே ஸ்பானியர் அத்தீவுகளைப் படிப்படியாகக் கைப்பற்றினர். 1496ஆம் ஆண்டளவில் அவை முழுவதும் ஸ்பானிய ஆட்சிக்கு உட்பட்டன. அதன்பின் கனேரிப் பறவைகள் கப்பலேறி ஐரோப்பாவுக்குச் சென்றன. சுவிற்சலாந்து அறிஞர் கொன்றாட் கெஸ்னர் 1555ஆம் ஆண்டில் வெளியிட்ட பறவை நூலில் இப்பறவை இடம்பெற்றுவிட்டது. பாடுவது பெரும்பாலும் ஆண் பறவையே. ஆகையால், ஆணை மட்டும் விற்று, இனப்பெருக்கத்துக்குரிய பெண்ணை வெளியே விடாமல் வணிகர்கள் இலாபத்தைக் காத்துக்கொண்டனர் என்று சொல்லப்படுவதுண்டு. 1622இல் உரோமாபுரியில் வெளிவந்த ஒலினாவின் பறவை நூல் வேறொரு கதையைச் சொல்கிறது. பறவைகளை ஏற்றிவந்த கப்பலொன்று எல்பாத் தீவின் அருகே உடைந்ததாம். தப்பிய பறவைகள் அத்தீவிலே பெருகினவாம். கதை எவ்வாறாயினும், 17ஆம் நூற்றாண்டிலே கனேரி ஐரோப்பாவில் வீட்டுப் பறவையாகிவிட்டது என்பது உறுதி.

இனி, அப்பறவை புகுந்த கூண்டுகளைப் பார்ப்போம்.

முதலாவது, மாளிகைக் கூண்டு. தொலைதேசத்திலிருந்து வந்த பறவை அரிய பொருள். அரிய பொருள் செல்வர் கையிலேயே இருந்தது. ஆகவே அதன் கூண்டும் ஓர் அலங்காரப் பொருளாயிற்று. பித்தளைக் கம்பியாலும் மெருகிட்ட மரத்தாலும் கூண்டுகள் செய்யப்பட்டன. மாடமும் கோபுரமும் வைத்துச் சிறிய அரண்மனை போலவே சில அமைந்தன. மண்டபத்தின் நடுவே தொங்கிய அக்கூண்டைப் பார்த்து விருந்தினர் வியந்தனர். ஆனால் கோபுரத்தின் உயரத்தினால் கனேரிக்கு யாது பயன்? கனேரி மேலும் கீழுமாக ஏறி இறங்கும் பறவையன்று. கிளையிலிருந்து கிளைக்குக் குறுக்கே பறக்கும் பறவை. உயரமும் ஒடுக்கமுமான கூண்டிலே அதற்கு ஒரு சிறகடிப்புக்கேனும் இடமில்லை.

இக்காலத்து மனநிலையைக் காட்டும் கருவியொன்றும் உண்டு. பிரான்சு நாட்டிலே 18ஆம் நூற்றாண்டில் செரினெற் என்னும் சிறு கைப்பெட்டி வழக்கில் இருந்தது. அதன் பிடியைச் சுழற்றினால், உள்ளே உள்ள குழல்கள் ஒரு மெட்டை இசைக்கும். கூண்டின் முன்னே அமர்ந்து அதனைத் திரும்பத் திரும்பச் சுழற்றினால், பறவை அந்த மெட்டைக் கற்றுப் பாடும் என்பது நோக்கம். சார்டின் என்னும் புகழ்பெற்ற பிரெஞ்சு ஓவியர் 1751ஆம் ஆண்டளவில் இக்காட்சியைத் தீட்டினார். ஒரு சீமாட்டி மடியிலே பெட்டியை வைத்துக்கொண்டு கூண்டை நோக்கி அமர்ந்திருக்கிறாள். இயற்கையிலேயே பாடத் தெரிந்த பறவைக்குப் பெட்டி பாட்டுச் சொல்லிக் கொடுக்கின்றது. மனிதன் தன் விருப்பத்தைப் பறவையின் தொண்டைக்குள்ளும் வைக்க முயன்றான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இரண்டாவது, வணிகன் கூண்டு. ஒஸ்திரியாவின் திரோல் மலைநாட்டிலே இம்ஸ்ற் என்றோர் ஊர் இருக்கின்றது. அவ்வூரார் கனேரிகளை வளர்த்து, முதுகிலே சுமந்து, ஐரோப்பாவின் பல நகரங்களுக்கும் கொண்டுசென்று விற்றனர். பின்னர் இத்தொழில் ஜேர்மனியின் ஹார்ஸ் மலைப் பகுதிக்குப் பரவியது. அங்கே சங்ற் அந்திரியாஸ்பேர்க் என்னும் வெள்ளிச் சுரங்க ஊர் இதன் நிலைக்களமாயிற்று. திரோலிலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளர் தம் பறவைகளையும் உடன்கொண்டு வந்தனர் என்பது வழிவழி வந்த செய்தி. சுரங்கக் கூலி குறைவு. மலைநாட்டுக் குளிர்காலமோ நீண்டது. ஆகையால் தொழிலாளர் குடும்பங்கள் வீட்டிலே கனேரி வளர்த்தன. பெண்களும் பிள்ளைகளும் மெல்லிய மரக்குச்சிகளைச் சீவிச் சிறிய கூண்டுகளைச் செய்தனர். மென்மையாக, வாயை அதிகம் திறவாமல், உருட்டி உருட்டிப் பாடும் ஹார்ஸ் கனேரி உலகப் புகழ் பெற்றது. 19ஆம் நூற்றாண்டிலே அல்பெல்ட் என்னும் ஊரின் வணிகர்கள் இப்பறவைகளை அமெரிக்காவுக்குக் கப்பலில் அனுப்பினர்.

இங்கே கூண்டின் அளவைத் தீர்மானித்தது எது? சுமப்பவன் முதுகும் கப்பலின் இடமுமே. கூண்டு எவ்வளவு சிறிதோ, ஒரு சுமையில் அவ்வளவு அதிகமான பறவைகளை அடுக்கலாம். பாட்டுப் பயிற்சிக்கும் சிறு கூண்டுகளே பயன்பட்டன. வெளிச்சம் குறைந்தால் பறவை அடக்கமாகப் பாடும் என்பதற்காக, அவற்றைக் கதவுடைய பெட்டிகளில் வைத்தும் துணியால் மூடியும் பழக்கினர். மாளிகைக் கூண்டு பறவையை அணிகலனாக்கியது. வணிகன் கூண்டு அதனைச் சரக்காக்கியது. எனினும், அந்த ஏழைக் குடும்பங்களை நாம் எளிதில் பழித்துவிட இயலாது. அவர்களுடைய உணவின் ஒரு பங்கு அந்தக் குருவியின் குரலிலிருந்தே வந்தது. வெள்ளிச் சுரங்கம் 1910இல் மூடப்பட்டது. அந்தப் பழைய சம்சன் சுரங்க வளவிலே இன்று கனேரிக்கென ஒரு நூதனசாலை இருக்கின்றது. வெள்ளியையும் கனேரியையும் அவ்வூர் ஒருங்கே நினைவுகூர்கின்றது.

மூன்றாவது கூண்டின் கதை சற்று வியப்பானது. அது மாளிகையிலும் இல்லை, சந்தையிலும் இல்லை. நிலத்தின் அடியிலே, நிலக்கரிச் சுரங்கத்திலே இருந்தது.

1896ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் நாள், வேல்ஸ் நாட்டின் தைலர்ஸ்ரவுண் என்னும் ஊரிலே ஒரு சுரங்கம் வெடித்தது. 57 பேர் மாண்டனர். மரணத்தின் காரணத்தை ஆராய்ந்தவர் ஜோன் ஸ்கொற் ஹால்டேன் என்னும் உடற்றொழிலியல் அறிஞர். இறந்தோரிற் பெரும்பாலோர் வெடியின் வேகத்தாலோ நெருப்பாலோ மாண்டவரல்லர் என்பதை அவர் கண்டார். வெடிப்பின்பின் சுரங்கத்திலே பரவிய காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயுவே அவர்களைக் கொன்றது. அவ்வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. மனிதன் அதனை உணர்வதற்கு முன்னரே அவன் கால்கள் தளர்ந்துவிடுகின்றன. அது குருதியிலே ஒட்சிசனுக்குரிய இடத்தைக் கவர்ந்துகொண்டு, உடலை உள்ளிருந்தே மூச்சடைக்கச் செய்கின்றது. ஹால்டேன் இவ்வாயுவைத் தாமே சுவாசித்துப் பார்த்துத் தம் உடலின் மாற்றங்களைக் குறித்துவைத்தவர்.

சிற்றுயிர்களை இவ்வாயு மனிதனை விடப் பன்மடங்கு விரைவாகத் தாக்குகின்றது என்பதை அவர் அறிந்தார். உடல் சிறிது, மூச்சும் இதயத் துடிப்பும் மிக விரைவு. எனவே நஞ்சும் விரைவாகச் சேர்கின்றது. ஆகவே மீட்புப் பணிக்குச் செல்வோர் ஒரு சிற்றுயிரை உடன்கொண்டு போகவேண்டும் என்று அவர் அறிவுரை கூறினார். எலியும் பயன்பட்டது. ஆனால் எலிக்கு ஒரு குறை இருந்தது. மயங்கிய எலி மூலையிலே சுருண்டு கிடக்கும். உறங்கும் எலியும் அவ்வாறே கிடக்கும். கனேரி அப்படியன்று. அது கூண்டின் குறுக்கே உள்ள கோலில் நிமிர்ந்து அமர்ந்திருக்கும். மயக்கம் வந்தால் தள்ளாடும். பின்னர் கோலிலிருந்து கீழே விழும். மங்கலான விளக்கொளியிலும் அது தெரியும். அந்தச் சிறு கோலே ஓர் அளவுகோலாயிற்று. பறவை விழுந்தவுடன் திரும்பி ஓடினால் மனிதன் பிழைத்துக்கொள்ளலாம்.

இப்பறவையின் நுரையீரலைப் பற்றியும் ஒரு சொல் சொல்லவேண்டும். நாம் மூச்சை உள்ளே இழுத்து, வந்த வழியே வெளியே விடுகின்றோம். பறவைக்கோ நுரையீரலோடு காற்றுப் பைகளும் உண்டு. அதனால் காற்று நுரையீரலின் ஊடாக ஒரே திசையில் ஓடிக்கொண்டிருக்கின்றது. மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் புதுக்காற்று அதற்குக் கிடைக்கின்றது. உயரப் பறப்பதற்கு இயற்கை தந்த வரம் இது. நச்சுக் காற்றிலே இவ்வரமே சாபமாகின்றது.

1911ஆம் ஆண்டிலிருந்து பிரித்தானியச் சுரங்கங்கள் ஒவ்வொன்றிலும் இரண்டு கனேரிகள் பணிபுரிந்தன. இவற்றுக்கென ஒரு புதுக் கூண்டும் தோன்றியது. அதன் முன்புறத்திலே வட்டமான வாயில். அதிலே பறவை வெளியே போகாதபடி கம்பி வலை. மேலே கைப்பிடி போலச் சிறியதோர் ஒட்சிசன் உருளை. பறவை மயங்கி விழுந்ததும், தொழிலாளி வாயிலின் கதவை இறுக மூடி, உருளையின் திருகைத் திறப்பான். கூண்டினுள்ளே ஒட்சிசன் நிரம்பும். பறவை மெல்ல உயிர்த்தெழும். மனிதனுக்கு எச்சரிக்கை தந்த பறவை அங்கேயே கிடந்து மாளவேண்டியதில்லை.

நேயர்களே, கூண்டின் வரலாற்றிலே இது ஒரு திருப்பம். மாளிகைக் கூண்டைச் செய்தவன் தன் கண்ணை நினைத்தான். வணிகன் கூண்டைச் செய்தவன் தன் சுமையை நினைத்தான். சுரங்கக் கூண்டைச் செய்தவன்தான் உள்ளே இருக்கும் பறவை எவ்வாறு மூச்சு விடுகிறது என்பதை முதலில் நினைத்தான். அதிலும் தன்னலம் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. பறவை மனிதனுக்காகவே ஆபத்தினுள் கொண்டுசெல்லப்பட்டது. ஆனால் இரு உயிர்களும் ஒரே காற்றைப் பங்கிட்டுக்கொண்ட இடத்திலே, ஒன்றின் நலம் மற்றொன்றின் நலமாகிவிட்டது. தொழிலாளர்கள் வேலை நேரத்திலே அப்பறவைகளோடு பேசினர். சீழ்க்கை அடித்துப் பாடவைத்தனர். முதலாம் உலகப் போரிலே பகைவர் அரண்களுக்குக் கீழே சுரங்கம் தோண்டிய வீரர்களும் கனேரிகளையும் எலிகளையும் கொண்டுசென்றனர். 1927இல் திறக்கப்பட்ட எடின்பரோக் கோட்டையின் போர் நினைவாலயத்திலே, சுரங்கம் தோண்டியோரின் நண்பர்களாக இச்சிற்றுயிர்கள் கல்லிலே செதுக்கப்பட்டுள்ளன. 1986 டிசம்பரிலே, மின்னணுக் கருவிகள் வந்துவிட்டமையால், சுரங்கங்களில் எஞ்சியிருந்த 200க்கு மேற்பட்ட கனேரிகளுக்கு ஓய்வளிப்பதாகப் பிரித்தானியாவில் அறிவிக்கப்பட்டது. தொழிலாளருட் பலர் இதற்காக வருந்தினர்.

இதற்கிடையே சட்டமும் கூண்டினுள்ளே எட்டிப் பார்த்தது. பிரித்தானியாவின் 1954ஆம் ஆண்டுப் பறவைகள் பாதுகாப்புச் சட்டம் ஓர் எளிய அளவைக் கூறியது. நீளத்திலோ அகலத்திலோ உயரத்திலோ, பறவை தன் சிறகைத் தாராளமாக விரிப்பதற்குப் போதாத கூண்டில் அதனை வைத்திருப்பது குற்றம். 1981ஆம் ஆண்டுச் சட்டமும் இவ்விதியைத் தொடர்ந்து ஏற்றது. கோழிகளுக்கு இவ்விதி பொருந்தாது. பயணத்தின்போதும், காட்சியின்போதும், மருத்துவத்தின்போதும் விலக்கு உண்டு. இது மிகச் சிறிய அளவே. சிறகை விரிப்பது வேறு, பறப்பது வேறு. ஆயினும் கூண்டை அளக்கும் கோல் மனிதன் கையிலிருந்து பறவையின் சிறகுக்கு மாறியது என்பதே இதன் சிறப்பு.

இவ்வரலாற்றை அறிந்தபின், நம் வீட்டுக்கு ஒரு கூண்டு தெரிவது கடினமன்று. நம் நாட்டு வீடுகளிலே கனேரியை விட, லவ் பேர்ட்ஸ் என்று நாம் பிழையாக அழைக்கும் பட்ஜரிகார்களே மிகுதி. உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆபிரிக்காவுக்கு உரியவை. பட்ஜரிகாரோ அவுஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டிலே பெருங்கூட்டமாக, நீரும் புல்விதையும் தேடி நெடுந்தூரம் பறந்து திரியும் பறவை. ஜோன் கூல்ட் என்னும் பறவையியல் அறிஞர் 1840ஆம் ஆண்டில் இதனை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். கனேரிக்கும் இதற்கும் பொதுவான பண்பு ஒன்றுண்டு: இரண்டும் குறுக்கே பறப்பவை.

ஆகவே, கூண்டின் உயரத்தைப் பாராதீர்கள், நீளத்தைப் பாருங்கள். கனேரியின் விரித்த சிறகே ஏறக்குறைய 8 அங்குலம். ஒரு சோடிக்குக் கூண்டு 2 அடி நீளத்துக்குக் குறையலாகாது. 3 அடியாயின் மிக நன்று. கம்பிகளுக்கிடையே அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால், பறவை தலையை நுழைத்துச் சிக்கிக்கொள்ளும். பட்ஜரிகார் அலகாலும் காலாலும் பற்றி ஏறுவது. ஆகையால் அதற்குக் கம்பிகள் சில கிடையாக இருத்தல் வேண்டும். கோபுரமும் மாடமும் வேண்டியதில்லை. நீள்சதுரமான எளிய பெட்டி வடிவமே பறவைக்கு ஏற்றது.

உள்ளே குந்துவதற்கு ஒரே பருமனான வழுவழுப்பான கோல்களை மட்டும் வைத்தால், பாதத்தின் ஒரே இடம் நாள்தோறும் நோகும், புண்ணும் உண்டாகும். பருமன் வேறுபட்ட இயற்கைக் கிளைகளை வைப்பதே சிறந்தது. அவற்றைப் பறவை குறுக்கே பறக்கும்படி இரு முனைகளிலும் வையுங்கள். தீனுக்கும் தண்ணீருக்கும் நேர் மேலே வையாதீர்கள். மலிவான புதுக்கம்பியிலே பூசப்பட்ட நாகம் உதிர்ந்து, பறவை அதனைக் கொத்தினால் நஞ்சாகும். ஈயம் கலந்த பழைய வர்ணமும் அவ்வாறே.

கூண்டை வைக்கும் இடமும் கூண்டைப் போலவே முக்கியமானது. சுவரோரமாக, இளவெயிலும் நிழலும் மாறிமாறிக் கிடைக்கும் இடம் நல்லது. பூனையும் பாம்பும் எட்டாத உயரம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சமையலறை அருகே கூண்டைத் தொங்கவிடாதீர்கள். ஒட்டாத பூச்சுடைய தாச்சி அடுப்பிலே மிதமிஞ்சிச் சூடேறினால், அதிலிருந்து எழும் ஆவி நமக்குப் புலப்படாமலே பறவையைச் சில நிமிடங்களிற் கொன்றுவிடும். சுரங்கத்திலே மனிதனைக் காத்த அதே நுரையீரல்தான் நம் வீட்டுக் கூண்டிலும் மூச்சுவிடுகின்றது. சுரங்கத் தொழிலாளி பறவை விழுகிறதா என்று கண்கொட்டாமல் பார்த்திருந்தான். நாமோ அடுத்த அறையில் வேறு வேலையாக இருக்கின்றோம்.

இறுதியாக ஒன்று. எந்தப் பறவைக்கும் கூண்டு தேடலாம் என்று எண்ணுதல் தவறு. தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்து வளர்ந்த கனேரியும் பட்ஜரிகாரும் வெளியே விடப்பட்டால், இரை தேடவும் பகை அறியவும் இயலாமல் மடியும். அவற்றுக்கு நல்ல கூண்டு ஒரு கடமை. ஆனால் நம் தோப்பிலும் காட்டிலும் பறந்து திரியும் கிளிக்கு ஏற்ற கூண்டு எந்தக் கடையிலும் இல்லை. இலங்கையிலே 1937ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், அதன் பின்வந்த திருத்தங்களும் காட்டுப் பறவைகளுக்குக் காவலாக நிற்கின்றன. பொந்திலிருந்து குஞ்சை எடுத்து விற்பவனிடம் வாங்காதிருப்பது, சட்டத்துக்கு அஞ்சி மட்டும் செய்ய வேண்டியதன்று.

கடையிலே ஒரு கூண்டின் முன் நிற்கும்போது, இது என் வீட்டுக்கு அழகா என்று கேட்பதற்கு முன், இதன் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு அந்தப் பறவை பறக்குமா என்று கேளுங்கள். பறக்க முடியாதென்றால், அடுத்த கூண்டைப் பாருங்கள். விலை சற்று மிகும். சுவரிலே இடமும் சற்று அதிகம் வேண்டும். அந்தக் கூண்டிலே பல ஆண்டுகள் வாழப்போவது நாமல்ல.